நெரெய்தா வெட்டிய பின்னல்

நெரெய்தா தோரியாவுக்குப் பிள்ளைகளைப் பிடிக்கும். பிள்ளைகளைப் பெற்றவர்களைத்தான் பிடிக்காது. ஆற்றங்கரை ஊரான லோரிக்காவில் மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டின் முன்னறையில் இருபத்திரண்டு வருஷம் அவள் குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை பன்னிரண்டு உருப்படிகள். காலை ஏழு மணிக்கு வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும் தாய் தகப்பன்மார் அத்தனை பேரும் அவள் கண்ணுக்கு ஒரே ரகம். "இவன் அப்படியே என்னை மாதிரி, மகா பிடிவாதக்காரன்" என்று ஒருவன் சொல்வான். பிள்ளைக்கு வயது பதினாலு மாதம். பசித்துக் கத்துகிறது. அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பிடிவாதமும் தன் வீட்டுச் சொத்து என்று மார்தட்டிக்கொள்ள ஒரு தகப்பனால்தான் முடியும்.

"உன்னை மாதிரி எங்கய்யா இருக்கான்? இவன் பசிச்சாத்தான் கத்துறான். நீ சும்மாவே கத்துவ" என்பாள் நெரெய்தா.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. தூண் மாதிரி கால்கள். ஆற்றில் போகும் படகு மோட்டாரை அமுக்கிவிடும் குரல். ஊரில் எல்லோரும் அவளை 'சென்யோ' என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவளுக்கு அதுதான் பட்டம். அவள் வாயை ஊர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அவள் பேரில் இருந்த பிரியம் இல்லை. சாயங்காலம் அவள் வீட்டிலிருந்து திரும்பும் பிள்ளைக்கு வயிறு நிறைந்திருக்கும், உடம்பில் ஒரு கீறல் இருக்காது. அதோடு அந்தத் தெருவில் வேறு காப்பகமும் கிடையாது.

அவளுக்குப் பெற்றவர்கள்மேல் இருந்த இளக்காரத்துக்கு ஒரு வேர் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுடைய பெயரே அவளுடையது இல்லை. அவளுக்கு முன்னால் அந்த வீட்டில் இன்னொரு நெரெய்தா இருந்தாள். நாலு வயதில் காய்ச்சலில் செத்துப்போனாள். பதினோரு மாதம் கழித்து இவள் பிறந்தாள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பெயர் சும்மா கிடந்தது, எடுத்து மாட்டிவிட்டார்கள். செத்தவளின் கவுன், செத்தவளின் செருப்பு. பிறந்தநாள்கூடச் செத்தவளுடையதுதான், அந்தத் தேதிதான் அம்மாவுக்குப் பழகியிருந்தது. கூடத்துச் சுவரில் சாம்பல் நிறக் கழுதைமேல் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கும் புகைப்படம். வருகிறவர்கள் "இது யாரு?" என்று கேட்டால் "நெரெய்தா" என்பாள் அம்மா. அது தான்தான் என்று இவளும் நம்பினாள். கழுதையின் முதுகு எப்படிச் சொரசொரத்தது, எப்படி நாறியது என்றுகூடப் பள்ளிக்கூடத்தில் கதை சொன்னாள்.

ஏழு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது. அந்த நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் பூவோடு போனபோது ஒரு சிமெண்டுப் பலகையில் தன் பெயரைத் தானே படித்தாள். வீட்டார் அவளுக்கு வாழ்க்கையில் தேடிக் கொடுத்த முதல் வாசகம் அது.

"அது மூத்த நெரெய்தாடி. நீ ரெண்டாவது" என்று சித்தி சிரித்தாள்.

"அப்ப அந்தக் கழுதை?"

"அது நீ பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு."

கழுதை நாற்றம்கூடத் தன்னுடையது இல்லை என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. அம்மா கெட்டவள் இல்லை. துக்கத்தில் இருந்தவள். ஆனால் துக்கத்தை இறக்கி வைக்க ஒரு பிள்ளையைப் பலகையாக்கிக்கொண்டவளை நெரெய்தா கடைசி வரை மன்னிக்கவில்லை. அந்தக் கணக்கைத்தான் ஊரில் உள்ள தாய்மார் எல்லோரிடமும் தீர்த்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஒரு பிப்ரவரி மாதம் யுரானிஸ் பயெஸ்தாஸ் தன் இரட்டைப் பெண்களோடு வந்தாள். யுரானிஸுக்கு இருபத்துநாலு வயது. சந்தைக்கு எதிரே அழகு நிலையத்தில் நகத்துக்குச் சாயம் பூசுகிறவள். பெண்களுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. கெய்லா, லெய்லா. இரண்டாவது பிள்ளைக்கென்று அவள் புதிதாகச் செலவழித்தது ஒரே ஓர் எழுத்துத்தான். இரண்டுக்கும் ஒரே மஞ்சள் கவுன், ஒரே வெள்ளைச் செருப்பு, இடுப்பு வரை தொங்கும் ஒரே மாதிரி இரட்டைப் பின்னல், நுனியில் மஞ்சள் ரிப்பன்.

"எது யாருன்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள் நெரெய்தா.

"ரெண்டும் ஒண்ணுதானே சென்யோ!" யுரானிஸ் சிரித்தாள். பிறகு ஒரு பெண்ணின் செருப்பைக் கழற்றிக் காட்டினாள். "இங்க பாருங்க, கால் கட்டைவிரல்ல செவப்பு இருக்கறவ கெய்லா."

"செவப்பு அழிஞ்சுபோனா?"

"மறுபடி பூசிடுவேன்."

"யாருக்குன்னு தெரிஞ்சு பூசுவ?"

யுரானிஸின் நெற்றி சுருங்கியது. ஏதோ ஒரு யோசனை அங்கே வரப் பார்த்தது. அதற்குள் செல்போன் அடித்தது. யோசனையும் அதோடு போயிற்று.

பாவம், அவளை மட்டும் சொல்லி என்ன? ஊரே அப்படித்தான். சந்தையிலிருந்து காப்பகத்துக்கு முந்நூறு அடி தூரம். அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நடந்தால் அரைமணி நேரம் ஆகும். மீன்காரிகள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வருவார்கள். லாட்டரிச் சீட்டு விற்கிறவள் இரண்டு கன்னத்தையும் கிள்ளுவாள். "அச்சுல வார்த்த மாதிரி!" என்பார்கள். ஒருவராவது பெயர் கேட்டதில்லை. அதே சந்தையில் ஒரே அளவில் நூற்றுக்கணக்கான பொக்காசிகோ மீன் அடுக்கிக் கிடக்கும். அதைப் பார்த்து யாருக்கும் நெஞ்சு உருகக் காணோம்.

நெரெய்தா ஆறு மாதம் அந்தப் பெண்களைக் கவனித்தாள். அவள் வீட்டு முன்னறையில் நாள் முழுக்கக் கேட்கும் சொல் 'என்னுது'. என் நாற்காலி, என் கரண்டி, என் ஈ. ஒருநாள் நீரோ என்ற பையன் தன் மூக்கில் உட்கார்ந்த ஈயை அடுத்தவன் விரட்டினான் என்று அழுதான். அந்தச் சண்டைகளை நெரெய்தா அவசரப்பட்டுத் தீர்க்கமாட்டாள். 'என்னுது' என்று சொல்லத் தெரிந்தால்தானே அடுத்தவனுக்கும் ஒரு 'என்னுது' இருக்கும் என்று மண்டையில் ஏறும்? ஆனால் இரட்டையர் வாயில் அந்தச் சொல் வரவே இல்லை. "எங்களுக்குப் பசிக்குது." "எங்களுக்குக் கால் வலிக்குது." விழுந்தது ஒருத்தி, முட்டியைப் பிடித்துக்கொண்டு அழுவது மற்றவள்.

ஜூலையில் யுரானிஸ் வீட்டில் பெண்களுக்குப் பூச்சி மருந்து கொடுத்தாள். மறுநாள் லெய்லா வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தாள். கெய்லா வழக்கம்போல வயிற்றைச் சொறிந்துகொண்டு நின்றாள்.

"எத்தனை ஸ்பூன் குடுத்த?" என்று நெரெய்தா கேட்டாள்.

"ரெண்டு ஸ்பூன். ஆளுக்கு ஒண்ணு" என்றாள் யுரானிஸ்.

"ஒரே ஆளுக்கு ரெண்டும் போயிருக்கு. உன் புள்ள வாயத் தொறந்து சொல்லலயா?"

"சொல்லிச்சே. 'எங்களுக்கு வேணாம்'னு சொல்லிச்சு. எல்லாப் புள்ளையும் அப்படித்தானே சொல்லும்?"

நெரெய்தா அன்று அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கும் எதிரே கொஞ்சம் ஆள் இருக்கவேண்டும்.

கைகழுவும் தொட்டிக்குமேல் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. அங்கே அவளுக்கு ஒரு பழைய விளையாட்டு உண்டு. பிள்ளைக்கு முகம் துடைக்கிற சாக்கில் மூக்கில் கொஞ்சம் சோளமாவைத் தடவி, கண்ணாடிமுன் தூக்கிக் காட்டுவாள். ஒரு வயதுப் பிள்ளை கண்ணாடியைத் தட்டும், கண்ணாடிக்குள் இருக்கும் பிள்ளைக்கு முத்தம் கொடுக்கும். இரண்டு வயதை ஒட்டி ஒருநாள் கை நேரே தன் மூக்குக்குப் போகும். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு துண்டு கொய்யா அல்வா. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகக் கண்டுபிடித்துக்கொண்டது. நூறு பிள்ளைக்குமேல் அப்படிப் பார்த்திருக்கிறாள்.

லெய்லாவின் மூக்கில் மாவைத் தடவிக் கண்ணாடியில் காட்டினாள். மூன்றரை வயதுப் பெண். கண்ணாடியைப் பார்த்தாள், முகம் சுளித்தாள், இறங்கிப் போனாள். பக்கத்தில் நின்ற கெய்லாவின் சுத்தமான மூக்கைத் தன் கவுன் ஓரத்தால் அழுத்தித் துடைத்துவிட்டாள். கெய்லாவும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

சமையலறையில் சத்துமாவுக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த அண்ணன் மனைவி ஓத்திலியா இதைப் பார்த்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தாள். நெரெய்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்ணி, அந்தக் கண்ணாடியில அவ தன்னையே பார்க்கல. அவளுக்கு அங்க தெரியறது கெய்லா" என்றாள்.

"அதுக்கென்ன நெரெய்தா, வளர வளரத் தானா வந்துடும்."

"எங்கேயிருந்து வரும்? வெளியில எவனாவது ஒருத்தன் 'நீ'ன்னு கூப்பிட்டாத்தானே உள்ள ஒருத்தி 'நான்'னு எந்திரிப்பா?"

சாயங்காலம் யுரானிஸிடம் இதைச் சொன்னாள். யுரானிஸ் கண்ணை அகல விரித்தாள். "நெஜமாவா? இருங்க சென்யோ, இன்னொரு தடவ மாவு வைங்க, நான் வீடியோ எடுக்கறேன்!" எடுத்தாள். இரண்டே நாளில் ஊர் முழுக்க அந்த வீடியோவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அக்காவின் மூக்கைத் துடைக்கும் தங்கையின் பாசமாம்.

நெரெய்தா அடுத்ததாகக் காப்பகங்களைக் கவனிக்கும் அரசு மேற்பார்வையாளரிடம் போனாள். ஆர்லெனிஸ் என்று பெயர். மாதம் ஒருமுறை மொந்தெரியா அலுவலகத்திலிருந்து கையில் படிவத்தோடு வருவாள், பிள்ளைகளைப் பார்ப்பதற்குமுன் நாற்காலியைத் துடைத்து உட்காருவாள். இரட்டையருக்கு நேரே அவள் 'நன்றாகப் பழகுகிறார்கள்' என்ற கட்டத்தில் இரண்டு டிக் போட்டிருந்தாள்.

"பழகறதுக்கு ரெண்டு பேரு வேணும்மா" என்றாள் நெரெய்தா. "பாதி நாளாவது ஒருத்திய வேற காப்பகத்துக்கு அனுப்பலாமா?"

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே, சென்யோ."

"கட்டம் இல்லேன்னா கோடு போட்டுக்கோ."

ஆர்லெனிஸ் பொறுமையாகப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகை பயிற்சி வகுப்பில் கொடுத்தது; சான்றிதழும் உண்டு.

செப்டம்பரில் பேட்டைத் திருவிழா வந்தது. அதில் குட்டி ராணிப் போட்டி. பல் விழுவதற்குள் பெண்பிள்ளைகளுக்கு உதட்டுச் சாயம் பூசி மேடையில் ஏற்றி, எவளுடைய இடுப்பு நன்றாக ஆடுகிறது என்று பெரியவர்கள் கூடி உட்கார்ந்து மார்க் போடுகிற பண்டிகை. யுரானிஸ் தன் பெண்களை ஒரே போட்டியாளராகப் பதிந்தாள். இரண்டு பேர் தோளையும் சேர்த்துச் சுற்றுகிற மாதிரி ஒரே நீளப் பட்டை தைத்தாள். அதில் பொன் எழுத்தில் 'கெய்லெய்லா'.

அந்தப் பட்டையை அவள் காப்பகத்துக்கே கொண்டுவந்து காட்டினாள். பெண்களுக்குப் போட்டு நடக்கச் சொன்னாள். ஒருத்தி இடப்பக்கம் போனால் மற்றவள் கழுத்து இறுகியது. ஆகவே இரண்டு பேரும் ஒரே அடியாக அடியெடுத்து வைத்தார்கள். ஓத்திலியாகூடக் கைதட்டினாள். நெரெய்தா அந்தப் பொன் எழுத்துகளைப் பார்த்தபடி நின்றாள். சிமெண்டுப் பலகை ஞாபகம் வந்ததா என்று கேட்டால் அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

போட்டிக்கு நாலு நாள் முன்பு, புதன்கிழமை பதினொரு மணிக்கு, மற்றப் பிள்ளைகள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் லெய்லாவைக் கண்ணாடிமுன் முக்காலியில் ஏற்றினாள். கத்தரியை எடுத்தாள்.

"முடிய வெட்டிக்கலாமா கண்ணு? உனக்கு வேணுமா?"

"எங்களுக்கு வேணும்" என்றாள் லெய்லா.

அது சம்மதம் இல்லை என்று நெரெய்தாவுக்குத் தெரியும். 'எங்களுக்கு' என்று சொல்கிறவளிடம் சம்மதம் கேட்கவே முடியாது என்றும் தெரியும். பிள்ளைக்கு நல்லது என்று பாதி. யுரானிஸ் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கிற ஆசை பாதி. இரண்டு பின்னலையும் வேரோடு நறுக்கினாள், பிறகு கிராப்பு வெட்டினாள்.

லெய்லா கண்ணாடியைப் பார்த்தாள். திரும்பிக் கெய்லாவைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடி. மெதுவாகக் கை மேலே போனது, பிடரியைத் தொட்டது. கண்ணாடியிலும் ஒரு கை பிடரியைத் தொட்டது. தலையை ஆட்டினாள், அங்கேயும் ஆடியது. பல்லைக் காட்டினாள். பிறகு முக்காலியைவிட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். கஞ்சி ஆறிப்போயிற்று. அரைமணி நேரம் அவள் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடன் கொடுத்த பொருளை ரொம்ப நாள் கழித்துத் திரும்ப வாங்கினவள் மாதிரி.

நெரெய்தாவுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தப் பெருமை பத்து நிமிஷம் நின்றது.

கஞ்சி முடித்து எழுந்த கெய்லா அழ ஆரம்பித்தாள். "லெய்லா எங்க? லெய்லா எங்க?" என்று முன்னறை, சமையலறை, கொல்லை என்று ஓடினாள். கிராப்புத் தலையோடு எதிரே நின்றவளைத் தள்ளிவிட்டு, அவளுக்குப் பின்னால் தேடினாள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நெரெய்தா தூக்கிவைத்து, "இதோ பாரு, இவதான் லெய்லா" என்று எத்தனை தடவை சொன்னாலும் அடங்கவில்லை. கால் உதைத்து, மூச்சு திணறி, கடைசியில் வெட்டிப்போட்ட பின்னல் ஒன்றைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

ஒருத்தியை எழுப்புகிற அவசரத்தில் மற்றவளைப் பற்றி நெரெய்தா நினைக்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஊரில் உள்ள பெற்றவர்களை எதற்காக ஏசிக்கொண்டிருந்தாளோ, அதையேதான் அவளும் செய்திருந்தாள். ஒரு பிள்ளையைத் தன் மனசுக்குத் தோன்றியபடி வெட்டி எடுத்திருந்தாள். தூங்குகிற பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீயெல்லாம் ஒரு சென்யோ" என்று தன்னையே வாய்விட்டு வைதாள். ஓத்திலியாவுக்கும் கேட்டது. அவள் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

நாலு மணிக்கு யுரானிஸ் வந்தாள். வாசலிலேயே கத்தினாள்.

"ஐயோ! என் புள்ள தலைய என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"முடி வெட்டியிருக்கேன்."

"பேன் புடிச்சிடுச்சா? ஒட்டுப் பசை ஒட்டிக்கிச்சா? என்ன ஆச்சு?"

சாக்கு அவளே எடுத்துக் கொடுத்தாள். நெரெய்தா வாங்கிக்கொள்ளவில்லை. "ஒண்ணும் ஆகல. ரெண்டு பேரு இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்னு வெட்டினேன்."

"உங்களை யாரு கேட்டா? என் புள்ளைங்க எப்படி இருக்கணும்னு சொல்ல நீங்க யாரு?"

"உன் புள்ளைங்களா? எங்க, இவ யாரு, சொல்லு பாப்போம்" என்று கெய்லாவை முன்னால் தள்ளினாள் நெரெய்தா.

"அது... முடி இருக்கறது... கெய்லா!"

"இன்னிக்குச் சொல்லிட்ட. நேத்துக் கேட்டிருந்தா குனிஞ்சு கால் விரலைத்தானே பார்த்திருப்ப?"

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மீன்காரிகள், பைக் டாக்சிக்காரர்கள், லாட்டரிக்காரி. எல்லோரும் யுரானிஸ் பக்கம். "அழகைக் கெடுத்துட்டாளே பாவி" என்று லாட்டரிக்காரி மூக்கைச் சிந்தினாள்.

"கல்யாணம் கட்டாதவ, பெத்து வளர்த்திருந்தா வலி தெரியும்!" என்றாள் யுரானிஸ்.

நெரெய்தாவிடம் அதற்கு நூறு பதில் இருந்தது. ஆனால் கெய்லா இன்னும் அந்தப் பின்னலைக் கையில் பிடித்திருந்தாள்.

மனைவியைச் சமாதானப்படுத்தக் கடைசியில் தகப்பன் எதில்பெர்த்தோ வந்து சேர்ந்தான். படகு மோட்டார் பழுது பார்க்கிறவன், கையெல்லாம் மசகு. அவன் நெரெய்தா பக்கம் வந்து தாழ்ந்த குரலில், "சென்யோ, எனக்கு எப்பவுமே வித்தியாசம் தெரியும். கெய்லா தூங்கறப்ப வாயத் தொறந்து வச்சிருப்பா, இவ மாட்டா" என்றான்.

"மூணரை வருஷமா இதை யாருகிட்டச் சொன்ன?"

"யாரும் கேக்கல."

"தகப்பன்னு உன்னையும் ஒருத்தன் கணக்கு வச்சிருப்பான் பாரு" என்றாள் நெரெய்தா.

மறுநாள் யுரானிஸ் ஆர்லெனிஸின் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு லெய்லாவின் தலையில் சவுரி வைத்துப் பின்னல் கட்டிவிட்டாள்.

அந்த மத்தியான வெயிலில் நெரெய்தா கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாள். பித்தளை வாத்தியங்கள் முழங்கின. ஒரே பட்டைக்குள் இருவரும் மேடையேறினார்கள். சந்தையே எழுந்து நின்று உருகியது. தொகுப்பாளர் குனிந்து, "ராணிக்கு என்ன பேரு?" என்று ஒலிவாங்கியை நீட்டினார். வழக்கமாக இரண்டு வாயும் ஒன்றாக 'கெய்லா லெய்லா' என்று சொல்லும். அன்று கெய்லா மட்டும் ஆரம்பித்தாள். லெய்லா பட்டைக்குள்ளிருந்து குனிந்து வெளியே வந்தாள். சவுரியைப் பிடுங்கித் தொகுப்பாளர் கையில் கொடுத்தாள்.

"இது என்னுது இல்ல" என்றாள். "என்னுது குட்டை."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நெரெய்தாவுக்குக் கண் மங்கியது; வெயில் என்று சொல்லிக்கொண்டாள். யுரானிஸ் மேடைக்குப் பக்கத்தில் முகம் வெளுத்து நின்றாள். ஆனால் சிரிப்பு அடங்கும்போது நடுவர்கள் கூடிப் பேசி, இரட்டையருக்கு 'மனம் கவர்ந்த ராணி' என்று ஒரு தனிப் பரிசு கொடுத்துவிட்டார்கள். ஒரு தகரக் கிரீடம். யுரானிஸின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நெரெய்தா கண்ணால் பார்த்தாள்.

அன்று மாலையே வீடியோ சுற்றியது. அதன் கீழே யுரானிஸ் எழுதியிருந்தாள்: 'என் மகள்களுக்குத் தனித்தன்மை வேண்டும் என்று பிறந்ததிலிருந்தே சொல்லி வளர்த்தேன்.' எண்ணூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள். லாட்டரிக்காரி இரண்டு இதயம்.

புகார் மட்டும் திரும்பவில்லை. யுரானிஸே போய் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாளாம். கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆர்லெனிஸ் வந்தாள், நாற்காலியைத் துடைத்தாள், நெரெய்தாவிடம் கையெழுத்து வாங்கினாள். 'அனுமதியின்றிப் பிள்ளையின் உடலில் மாற்றம் செய்தது.'

"நியாயந்தான்" என்றாள் நெரெய்தா. "ஆனா அது கெய்லாவுக்குப் பண்ணினதுக்காக. லெய்லாவுக்கில்ல. அதைத் தனியா எழுதிக்க."

ஆர்லெனிஸ் எழுதவில்லை. வாசலில் இருந்த காப்பகப் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு பிள்ளைகளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்த காப்பகத்துக்குப் போனார்கள். அங்கே டைல்ஸ் தரை, சுவரில் முயல் படம். பார்த்துக்கொள்கிறவள் செல்போன் பார்ப்பாள்.

நெரெய்தா காலையில் மக்காச்சோளக் கொழுக்கட்டையும் புளித்த பாலேடும் விற்க ஆரம்பித்தாள். யாராவது தன் பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி வாய் திறந்தால் கொழுக்கட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். வியாபாரம் சுமார்.

மார்ச் மாதம் யுரானிஸ் வாசலில் வந்து நின்றாள். பெண்கள் இரண்டு பக்கமும். லெய்லாவின் முடி காதுவரை வளர்ந்திருந்தது. கெய்லாவுக்கு அப்படியே நீளப் பின்னல். அதை வெட்டக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாளாம்.

"அங்க வேணாம் சென்யோ. புதுக் காப்பகத்துல இவங்களுக்குக் காய்ச்சல் மேல காய்ச்சல். பகல்ல மட்டும் நீங்க பார்த்துக்குவீங்களா?"

"காய்ச்சல் யாருக்கு?"

"லெய்லாவுக்குத்தான். கெய்லாவுக்கு இருமல்."

நெரெய்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரே வாக்கியத்தில் இரண்டு பெயர், இரண்டு நோய். அவளிடமிருந்து இவ்வளவு வந்ததே அதிகம். "விட்டுட்டுப் போ. வீடியோ எடுத்தா விளக்குமாறு பிஞ்சிடும்" என்றாள்.

அன்றைக்கே கெய்லாவை மடியில் உட்காரவைத்து, "அன்னிக்கு உன்னைப் பயமுறுத்திட்டேன். உன்கிட்டக் கேக்காம உன் லெய்லாவ மாத்திட்டேன். என் மேலதான் தப்பு" என்றாள். கெய்லா அவள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். "அவ ஒளிஞ்சிட்டிருந்தா" என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம். நெரெய்தா ஆளுக்கு ஒரு துண்டு கொய்யா அல்வா கொடுத்தாள். லெய்லா தன் துண்டைத் தட்டின் கீழ் மூடிவைத்துவிட்டு மூத்திரம் பெய்யப் போனாள். தனியாகத்தான் போனாள். கெய்லா சுற்றுமுற்றும் பார்த்தாள். தட்டைத் தூக்கினாள், அல்வாவை எடுத்தாள், காலிப் பானைக்குள் போட்டாள், தட்டைப் பழையபடி கவிழ்த்தாள். பிறகு சமர்த்தாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தட்டையே பார்க்காமல், கூரையைப் பார்த்தாள்.

வாசற்படியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த நெரெய்தாவின் கத்தி நின்றது. ஓத்திலியா பிள்ளையைக் கண்டிக்க எழுந்தாள். நெரெய்தா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"திருட்டுத்தனம் பண்ணுது, பார்த்துட்டு இருக்க?"

"அண்ணி, வாய மூடிக்கிட்டுப் பாருங்க. தனக்குத் தெரிஞ்சது லெய்லாவுக்குத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியுது. ரெண்டு தலையில ரெண்டு வெவ்வேற சங்கதி இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டா. இத்தனை வயசுல இந்த ஊருல பாதிப் பேருக்கு இது இன்னும் தெரியாது."

லெய்லா திரும்பி வந்து தட்டைத் தூக்கினாள். ஒன்றும் இல்லை. தரையைப் பார்த்தாள். பிறகு கெய்லாவின் முகத்தைப் பார்த்தாள், நிதானமாக, ரொம்ப நேரம். அந்தச் சமர்த்து முகத்தில் அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கவேண்டும்.

"நீ எடுத்த."

"நான் எடுக்கல. பூனை எடுத்துச்சு."

"இங்க பூனையே இல்ல."

"இப்பத்தான் போச்சு."

லெய்லா பாய்ந்து அவள் தோளைக் கடித்தாள். கெய்லா அவள் குட்டை முடியைப் பிடித்தாள், பிடி வழுக்கியது, காதைப் பிடித்தாள். "என்னுதுடி! என்னுதுடி!" என்று தெருமுனைவரை கேட்டது. நெரெய்தா கிழங்கை வைத்துவிட்டு எழுந்தாள். அவசரமில்லாமல் கையைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேரையும் ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்து, கடித்த இடத்தில் எண்ணெய் தடவினாள்.

"யார் ஆரம்பிச்சது?" என்று கேட்டாள்.

"அவதான்" என்றாள் கெய்லா.

"அவதான்" என்றாள் லெய்லா.

பொய் சொன்னவளுக்கும் கடித்தவளுக்கும் அன்று சாயங்காலம் வரை அல்வா கிடையாது என்று நெரெய்தா தீர்ப்புச் சொன்னாள். இரண்டு பேரும் இரண்டு விதமாக முறைத்தார்கள். அவள் பானையிலிருந்த துண்டை எடுத்து, தூசியை ஊதிவிட்டு, அவர்கள் பார்க்கப் பார்க்கத் தானே தின்றாள்.